சத்துக் குளிசை

புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைப் பேசுகிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. என் வாய் அப்படிப்பட்டது. ஆனால் பைப்படிக்குக் குடத்தோடு நான் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள். மருந்து கொடுத்தது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாதிக் கதையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

என் பெயர் பூரணி. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஜெயகாந்தனுக்கு அதே தோட்டத்து ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கல்யாணம் முடிந்து பதினாறு வருஷம். ஒரே மகள் லோஜினி, பத்தாம் ஆண்டு படிக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் இவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றார். குடி கிடையாது. வெற்றிலைகூடப் போட மாட்டார். “பூரணி, ஒனக்கு நல்ல ஆளு கெடச்சிருக்கு” என்று மலையில் பெண்கள் சொல்லும்போது, நான் கூடையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். அவ்வளவு பெருமை.

போன வருஷம் மாசித் திருவிழாவுக்கு வாலிபர் சங்கம் இரத்ததான முகாம் வைத்தது. இவரும் ஒரு பை கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இரத்தத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். தனியாகப் போனார். மூன்று நாலு தடவை போய்வந்த பிறகு, ஒரு நாள் மாத்திரைகளோடு வந்தார்.

“ஈரல் கொஞ்சம் பலவீனமா இருக்காம். சத்துக் குளிசை குடுத்திருக்காங்க. ஒரு நாளும் விடாம வெறும் வயித்துல போடணுமாம்.”

“வேற ஒன்னும் இல்லையே?”

“இருந்தா ஒங்கிட்ட சொல்ல மாட்டேனா?”

அந்த வார்த்தையை அப்படியே நம்பினேன். மாத்திரைகளை ஒரு பழைய மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தலில் கொட்டினார். ஆஸ்பத்திரி உறையை அடுப்பில் போட்டார். உறையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அது தெரியாது, லோஜினிக்குத் தெரியும். அதனால்தான் அடுப்பில் போட்டார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு, குப்பை சேராமல் வேலை செய்கிற மனிதர் என்றுதான் நினைத்தேன்.

அன்று முதல் காலை ஐந்து மணிக்கு அந்தக் குளிசையை எடுத்து, தண்ணீரோடு அவர் கையில் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைய கூலி போச்சு. அப்படிப் பிந்தினாலும் பரவாயில்லை என்று குளிசையைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். கிளினிக்குக்குக் கூட வருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். “ஒனக்கு ஒரு நாள் பேரு போயிரும் பூரணி, நான் போயிட்டு வாரேன்” என்பார். என் மேல் எவ்வளவு கரிசனை என்று அதையும் மலையில் சொல்லிப் பெருமையடித்தேன். கிளினிக்கில் எழுதித் தருகிற கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். ஸ்டோரில் அவருடைய பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதையும் நான் கேட்கவில்லை.

எட்டு ஒன்பது மாதமாயிற்று. சத்துக் குளிசை தின்கிற மனிதருக்குச் சத்து ஏறுகிற வழியைக் காணோம். சட்டை தொளதொளத்தது. சாயங்காலம் வந்தால் படுத்துவிடுவார். யோசனையில் ஆள் கரைந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஈரல்தான் கரைகிறது என்று நினைத்துக் கிலி பிடித்தது. என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமியிடம் சொல்லி அழுதேன்.

“சத்துக் குளிசையால ஈரல் வருத்தம் போகுமா அக்கா? எங்கண்ணன் மஞ்ச காமாலையில சாகக் கெடந்தான். பூண்டுலோயாவுல சிவசாமி வைத்தியரு பொடிதான் அவனை எழுப்பிவிட்டுச்சு. நீங்க போய்ப் பாருங்க. ஆனா வாயத் தெறந்துராதீங்க.”

வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். காமாலைப் பொடியை யாருக்கும் சொல்லாமல் வாங்க வேண்டும், சொல்லாமல் கொடுக்க வேண்டும். தின்கிறவருக்கே தெரியக் கூடாது. வெளியே சொன்னால் அந்த நிமிஷமே மருந்து பலிக்காமல் போய்விடும், வருத்தம், அதாவது நோய், இரண்டு மடங்காகத் திரும்பும். இதைக் கேட்டு நகரத்து ஆட்கள் சிரிப்பார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடுவதைக் கண்ணால் பார்த்தவள் சிரிக்க மாட்டாள்.

தைப்பொங்கல் முடிந்த மறுவாரம், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஹட்டன் போய் அங்கிருந்து பஸ் மாறி மாறிப் பூண்டுலோயா போய்ச் சேர்ந்தேன். சிவசாமி வைத்தியர் என் கையிலிருந்த காசைப் பார்த்தாரே தவிர, வருத்தக்காரரைப் பற்றி அதிகம் கேட்கவில்லை.

“என்ன நோய்னு சொன்னாங்க?”

“ஈரல் பலவீனமாங்க.”

“இங்கிலீசு மருந்து சாப்பிடுறாரா?”

“சத்துக் குளிசை மட்டுந்தாங்க.”

“அதுவும் இதுவும் சேராது. நாப்பத்தெட்டு நாளைக்கு அத நிறுத்திரு. பொடிய இஞ்சித் தண்ணியில கலந்து குடு. மொதல்ல உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வரும், பயந்து நிறுத்திராத. யாரு கேட்டாலும் வாயத் தெறக்காத.”

நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவது? குளிசை எங்கே என்று கேட்பாரே. மஸ்கெலியா டவுனில் ஒரு மருந்துக் கடையில் ஏறி, வெள்ளையாக, வட்டமாக, சின்னதாக ஏதாவது சத்துக் குளிசை இருக்கிறதா என்று கேட்டேன். கல்சியம் குளிசையைக் கொடுத்தார்கள். அதைப் போத்தலில் போட்டேன். அவருடையதை அரிசி வாளிக்குள் துணியில் முடிந்து வைத்தேன். சத்துக்குப் பதிலாகச் சத்துதானே என்று என் மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை கையில் கொடுத்தேன். அவர் பார்க்கவே இல்லை. வாங்கினார், வாயில் போட்டார், தண்ணீரைக் குடித்தார். கட்டினவள் கையால் வாங்குகிறவர் எதற்குப் பார்க்க வேண்டும்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருந்தாலும் அவர் பிழைக்க வேண்டும் என்றுதானே செய்கிறேன் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் இஞ்சி போட்ட சாயத்தண்ணியில், அதுதான் பால் ஊற்றாத தேத்தண்ணியில், பொடியைக் கலப்பேன். கசக்கிறது என்றார். இஞ்சி பழசு என்றேன். பொய் சொல்லப் பழகுவதற்கு எனக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் அவர் கண் மஞ்சளித்தது. மூத்திரம் கறுத்துப் போகிறது என்றார். சோற்றைக் கண்டால் குமட்டினார். அழுக்கு வெளியே வருகிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தாரே. நான் இன்னும் கெட்டியாகக் கலந்து கொடுத்தேன். இன்னும் ஐந்து நாள் கொடுத்தேன். அந்த ஐந்து நாளை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

நாற்பத்தாறாம் நாள் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். தேயிலை ஏற்றுகிற லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி ஓடினேன்.

வார்டில் பெரிய டாக்டர் ஒரு சிங்கள அம்மா. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துத்தான் பேசுவார். ஆனால் ஒன்றையும் விட்டுவிட மாட்டார். இவரிடம் குனிந்து கேட்டார்.

“குளிசை நிறுத்தினீங்களா?”

“இல்ல மிஸ். ஒரு நாளும் விடல.”

“நாட்டு மருந்து? கடையில ஈரல் டானிக்? பொடி? இலைச் சாறு?”

“ஒன்னும் இல்ல மிஸ். சத்தியமா.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. வீட்டுல வேற ஏதும் குடுத்தீங்களா?”

வாயைத் திறந்தால் மருந்து பலிக்காது. இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி. இப்போது சொன்னால், செய்ததெல்லாம் பாழாகி, இரண்டு மடங்கு வருத்தம் திரும்பி, இவர் போய்விடுவார். என் வாயாலேயே இவரைக் கொல்வதா? நான் தலையை ஆட்டினேன். “இல்ல மிஸ்.” டாக்டர் எழுதிக்கொண்டார். தன் பேச்சுக்கு நான் சாட்சி சொன்னேன் என்று இவர் என்னை நன்றியோடு பார்த்தார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்குப் போனபோது இவர் ஆள் அடையாளம் தெரியாமல் பேசினார். ஸ்டோர் மணி அடித்துவிட்டதா என்று மூன்று தடவை கேட்டார். மஞ்சள் உள்ளங்கை வரைக்கும் வந்திருந்தது. பொடி என்னவானாலும் ஆகட்டும், வைத்தியர் சொன்ன கட்டுப்பாடும் எப்படியோ போகட்டும் என்று ஓடிப்போய் டாக்டரின் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, கல்சியம் குளிசை, அரிசி வாளி, நாற்பத்தாறு நாள். மனம் கேளாமல் துணியில் முடிந்து கொண்டுபோயிருந்த அவருடைய மாத்திரைகளை மேசையில் வைத்தேன். மிச்சமிருந்த பொடியையும் வைத்தேன்.

டாக்டர் அந்த மாத்திரையில் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இது சத்துக் குளிசை இல்ல. இரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. பி வகை ஈரல் அழற்சி. அந்தக் கிருமி பெருகாம இந்தக் குளிசைதான் அடக்கி வச்சது. ஈரலக் காப்பாத்தினது இது. இதைத் திடீர்னு நிறுத்தினா அது ஒரேயடியா எழும்பும். இப்ப எழும்பியிருக்கு. பொடியும் ஈரலுக்குச் சுமை. நேத்து நான் கேட்டப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?”

“சொன்னா பலிக்காதுன்னாங்க மிஸ்.”

“சொல்லாத மருந்துதான் எனக்குப் பயம்,” என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன். டாக்டர் உடனே அவருடைய குளிசையை மறுபடியும் தொடங்கச் சொல்லி எழுதினார். நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே தொடங்கியிருக்கலாம்.

எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். “உங்களுக்கு மூணு ஊசியும் போட்டு முடிஞ்சதுதானே?”

“எனக்கா? என்ன ஊசி மிஸ்?”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். ஸ்டோர் பெட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்த கிளினிக் கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். “ஏப்ரல் மாசம் சொல்லியிருக்கு. மனைவியைக் கூட்டி வந்து இரத்தம் பார்க்க வேணும், ஊசி போட வேணும். ஜூன் மாசம் அவர் சொன்னதா எழுதியிருக்கு. மனைவிக்கு வேற இடத்துல பார்த்தாச்சு, ஊசி போட்டாச்சு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாருடைய மனைவி என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு டாக்டர் மெதுவாக விளக்கினார். ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது, தொட்டால் வராது, ஒரே குவளையில் குடித்தாலும் வராது. இரத்தத்தால் வரும், சவர பிளேடால் வரும், புருஷன் பெண்சாதிக்குள் வரும். பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கிளினிக்கில் போட்ட ஊசி இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு அந்த ஊசி கிடையாது. அதற்குத்தான் கூட்டிவரச் சொன்னது.

பதினொரு மாதம்! பதினொரு மாதம் அந்த ஒரு அறைக் காம்பராவில் பக்கத்தில் படுத்திருந்தார். எனக்கு வரக்கூடும் என்று தெரியும். வராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்று தெரியும். போட்டாச்சு என்று டாக்டரிடம் சொன்னவருக்கு, வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை இவ்வளவு சாதுவான ஒரு மனிதர் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

ஐந்து நாளில் இவருக்குத் தெளிவு வந்தது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் கேட்டேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கஞ்சி ஊட்டினேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவருக்குத் தெரிந்துவிட்டது. போர்வையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “எப்படி சொல்றது பூரணி? நான் நாலு வருஷம் கொழும்புல இருந்தவன். இந்த வருத்தம் எப்படி எப்படி வரும்னு செவுத்துல படம் போட்டு ஒட்டியிருக்கான். நீ என்னன்னு நெனைப்ப?”

“நெனைக்கிறத நெனைச்சிட்டு, ஊசியையும் போட்டுக்கிட்டிருப்பேன்ல?”

“பொறக்கும்போதே அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம்னு டாக்டரு சொன்னாங்க. நான் எந்தத் தப்பும் பண்ணல.”

“அப்ப அத சொல்லியிருக்கலாமே!”

“ஒன் வாயி சும்மா இருக்குமா? லயம் பூரா போயிருக்கும். அப்புறம் நான் ஸ்டோருல எப்படித் தல நிமிந்து நிப்பேன்?” என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “நீ மட்டும் என்ன? எனக்குத் தெரியாம குளிசைய மாத்துனேன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. கணக்கு சரியாப் போச்சு.”

கணக்கு சரியாப் போச்சாம். “நான் மறைச்சது நீங்க பொழைக்கணும்னு. நீங்க மறைச்சது ஒங்க பேரு பொழைக்கணும்னு” என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்ததால் அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் செய்தது சின்னத் தப்பு என்று சொல்ல வரவில்லை. அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனவள் நான்தான். ஆனால் அது சத்துக் குளிசை என்று சொன்னது யார்? உண்மைப் பெயரைச் சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டிருப்பேனா?

தனுஜா என்ற நர்ஸ் என் கையில் இரத்தம் எடுத்தாள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். “அவரோட வருத்தத்த ஊருல சொல்றதா வேணாமாங்கிறது அவரு பாடு அக்கா. நீங்க சொல்லாதீங்க. ஆனா ஒங்க ஊசிய மட்டும் விட்றாதீங்க.”

அந்த ஒரு வாரம் நான் கொழுந்து பறித்தேனா, புல்லைப் பறித்தேனா என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் கங்காணி கூடையைக் கவிழ்த்துப் பார்த்து, முற்றல் இலையாக இருக்கிறது என்று ஏசினார். கண்ணாடியில் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கும் இருந்தால் லோஜினியின் கதி என்ன என்ற ஒரே யோசனை. இவரைப் பற்றிய யோசனை வரும்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

முடிவில் எனக்குக் கிருமி இல்லை. தனுஜா முதல் ஊசியைப் போட்டாள். இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில் என்று ஒரு சின்ன அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தாள்.

“போன வருஷமே வந்திருந்தா இதே ஊசிதானா?” என்று கேட்டேன்.

“இதே ஊசிதான்.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எறும்பு கடித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். இந்த ஒரு நிமிஷத்தைத் தராமல்தான் பதினொரு மாதம் என்னை வைத்திருந்தார் என்று நினைத்தபோது, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இவர் வீட்டுக்கு வருவதற்குள் லயத்தில் கதை முளைத்து, இலை விட்டு, கிளையும் விட்டிருந்தது. பூரணி பூண்டுலோயாவுக்குப் போய் மருந்து வாங்கி வந்து புருஷனுக்கு வைத்துவிட்டாள். அவனை முடித்துவிட்டு, அவன் பேரில் தோட்டத்தில் சேர்ந்திருக்கிற பணத்தை எடுக்கப் பார்த்தாள். இல்லை, அவனை மயக்கிக் கைக்குள் போடப் பார்த்தாள். ஆளுக்கொரு கதை. நாகலெட்சுமியிடம் போய் “நீதானே அனுப்புன, சொல்லேன்டி” என்றேன். “நான் ஒரு பேச்சுக்கு சொன்னேன் அக்கா, நீங்க நெசமாவே போவீங்கன்னு எனக்குத் தெரியுமா?” என்று சொல்லிவிட்டு வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள். அவளும் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருடைய அண்ணன் முத்துலிங்கம் எங்களை அவருடைய காம்பராவுக்குக் கூப்பிட்டார். கோயில் கமிட்டித் தலைவர் அவர். தோட்டத்தில் ஒரு வழக்கு என்றால் அவர் முன்னால்தான் பேசுவார்கள். அவருடைய பெண்சாதி அன்னம்மா கதவோரம் நின்றாள். லயத்தில் நாலைந்து பேர் சும்மா வந்தவர்கள்போல வந்து வாசலில் நின்றார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“தங்கச்சி, ஒளிக்காம சொல்லு. தம்பிக்கு நீ ஏதாச்சும் குடுத்தியா?” என்று கேட்டார்.

“குடுத்தேன் அத்தான். ஈரல் வருத்தத்துக்குப் பொடி வாங்கி, தெரியாம கலந்து குடுத்தேன். அவரு குளிசையையும் மாத்தி வச்சேன். நல்லாகணும்னுதான் குடுத்தேன். அது பெரிய தப்புன்னு டாக்டரம்மா சொன்னப்பதான் வெளங்குச்சு.”

வாசலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அன்னம்மா “ஐயோ, ஒத்துக்கிட்டாளே” என்றாள்.

நான் இவரைப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும். அவ மேல மட்டும் குத்தம் இல்ல, குளிசையப் பத்தி நான்தான் பொய் சொன்னேன். வருத்தத்தின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னால் போதும், நான் தலை நிமிர்ந்து மலைக்குப் போவேன். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது பெரிய காரியமா?

இவர் தொண்டையைச் செருமினார். “விடுங்க அண்ணே,” என்றார். “பொம்பள, வெவரம் தெரியாம செஞ்சிட்டா. நான் அவள மன்னிச்சிட்டேன்.”

“பாத்தியா தங்கமான மனுசன!” என்றது வாசலில் ஒரு குரல். அன்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தான் தம்பியின் தோளைத் தட்டினார். மன்னித்துவிட்டாராம்! அவருக்கு மருந்து மாற்றிய பாவத்தை ஒத்துக்கொண்டு நின்றவளுக்கு, தன் பொய்யை மறைத்துக்கொண்டு எல்லோரும் கேட்க மன்னிப்புக் கொடுக்கிறார். பொய் சொன்னதைவிட, மறைத்ததைவிட, அந்த மன்னிப்புதான் என்னைக் கொன்றது.

நர்ஸ் தனுஜா சொன்னது நினைவுக்கு வந்தது. வருத்தத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் என் ஊசி என்னுடையது.

“அத்தான்,” என்றேன். “எனக்கும் ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டாங்க. அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி. போன வருஷமே போட்டிருக்க வேண்டிய ஊசியாம். அது எதுக்கு, ஏன் அப்பவே போடலன்னு ஒங்க தம்பிகிட்ட கேளுங்க.”

தோளைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “என்ன ஊசிடா?” என்று தம்பியிடம் கேட்டார். வாசலில் நின்றவர்கள் ஓரடி உள்ளே வந்தார்கள்.

இவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றேன் என்று கண் கெஞ்சியது. பதினாறு வருஷப் பழக்கம், ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் வாயைத் திறக்கும்வரை போவதில்லை என்று அங்கேயே நின்றேன்.